பதினான்காவது நகர்வில் நாற்காலி மாறியவர்

பேலன்ஸ் அண்ணனைப் பற்றி எழுதுவதென்றால் அவர்மேல் எனக்கு இருக்கும் கோபத்தை முதலில் எழுதிவிட வேண்டும். பதினேழு வருடமாக எங்கள் ஊர்ச் சதுரங்கச் சங்கத்தில் நான்தான் நடுவர். விதிப்புத்தகம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். காயைத் தொட்டுவிட்டுத் தொடவே இல்லை என்று சாதிப்பவர், தோற்கும் நேரத்தில் பலகையைத் தட்டிவிட்டு ஃபேன் காற்று என்பவர், எதிராளி மூச்சுவிடும் சத்தம் பொறுக்கவில்லை என்று புகார் எழுதிக் கொடுப்பவர், எல்லாரையும் மேய்த்தாயிற்று. ஒருவர்கூட என்னை விதிப்புத்தகத்தின் கடைசிப் பக்கம்வரை ஓடவிட்டதில்லை. அண்ணன் ஓடவிட்டார், அதுவும் ஒரு தில்லுமுல்லும் செய்யாமல். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது.

அவருக்குத் தொழில் வீல் அலைன்மென்ட், வீல் பேலன்சிங்; 'பேலன்ஸ்' என்ற பெயரும் அதில் வந்ததுதான். பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில், டயர் கடைக்கும் பேட்டரி கடைக்கும் நடுவில் அவருடைய பட்டறை. தரையில் ஒரு பள்ளம், அதன்மேல் வண்டி ஏறி நிற்க இரண்டு இரும்புப் பாதை, சக்கரத்தைச் சுழற்றிப் பார்க்கும் ஒரு மெஷின், சுவரில் வரிசையாகத் தொங்கும் சின்னச் சின்ன ஈயக் கட்டிகள். வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது என்று யாராவது வந்தால் அவர் ஓட்டிப் பார்க்கமாட்டார். தெருமுனையில் வண்டி திரும்பும்போதே, "கிளீனர் பக்கம் முன்சக்கரம் உள்ள பாக்குது, மேல ஏத்துங்க" என்பார். சொன்னது சரியாகத்தான் இருக்கும்.

முப்பது வருடமாகப் பள்ளத்தில் நின்று அண்ணாந்தே வண்டியைப் பார்க்கிறவர். அடியிலிருந்து பார்க்கிறவருக்கு இடது எது வலது எது என்பது ஒரு நாளைக்கு இருபது தடவை மாறும். அதில் அவருக்குத் தரைக்கு மேலேயும் இடம் வலம் குழம்பிப் போய்விட்டது. டிரைவர் பக்கம், கிளீனர் பக்கம் என்று சொன்னால்தான் அவருக்குப் புரியும். ஒருமுறை பல் டாக்டரிடம் போய், "கிளீனர் பக்கம் பின்னால ரெண்டாவது" என்று வாயைத் திறந்து காட்டியிருக்கிறார். நல்லவேளை, டாக்டரும் நாளெல்லாம் சின்னக் கண்ணாடியில் தலைகீழாகப் பல்லைப் பார்க்கிற ஆள் என்பதால் சரியான பல்லையே பிடுங்கிவிட்டார்.

எதுவும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் அண்ணனுக்குக் கை பரபரக்கும். பட்டறையில் காலண்டர், வீட்டில் கண்ணாடி, தெருவில் நிற்கும் அடுத்தவர் சைக்கிள், எதையும் விடமாட்டார். ஒரு சாவு வீட்டுக்கு இருவரும் சேர்ந்து போயிருந்தோம். எல்லாரும் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க, இவர் எழுந்துபோய் இறந்தவரின் படத்தை நிமிர்த்தி வைத்தார். திரும்பி வந்து உட்கார்ந்தவர் மறுபடி எழுந்துபோய் அரை விரல்கடை கீழே இறக்கினார். அந்த வீட்டம்மா அழுகையை நிறுத்திவிட்டு இவரையே பார்த்தார். நான் செருப்பைத் தேடும் சாக்கில் வெளியே வந்துவிட்டேன்.

எங்கள் சங்க ஹாலுக்கு அவர் வந்ததே மேஜைக் கால் ஆடுகிறது என்று சரிபண்ணத்தான். வேலையை முடித்துவிட்டு ஒரு ஓரமாக நின்று ஆட்டத்தைப் பார்த்தார். இரண்டு பக்கமும் பதினாறு பதினாறு காய், எதிரெதிரே ஒரே வரிசை. மனுஷன் அப்படியே சொக்கிப்போய்விட்டார். அடுத்த முறை சொந்தப் பலகையோடு வந்தார். அதற்கப்புறம் பதின்மூன்று வருடம் விடவே இல்லை.

அவர் ஆடும் முறை ஒன்றே ஒன்றுதான். கறுப்பு கிடைத்தால் எதிராளி ஆடுவதையே திருப்பி ஆடுவார். நீங்கள் குதிரையை எடுத்தால் அவரும் குதிரை, நீங்கள் கோட்டை கட்டினால் அவரும் கோட்டை. வெள்ளை கிடைத்தால் நடுவைத் தொடமாட்டார். மந்திரிக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை இரண்டு கட்டம் நகர்த்திவிட்டு, எதிராளியும் அதையே செய்வாரா என்று ஆசையாகப் பார்ப்பார். செய்யாவிட்டால் முகம் வாடிவிடும். பதினைந்தாவது நகர்வு வந்ததும் கையை நீட்டி, "டிரா வச்சுக்கலாங்களா?" என்பார். மாட்டேன் என்றவர்கள் உண்டு. அவர்களுக்கு அண்ணன் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் அடைத்துவிட்டுச் சிப்பாய்களை முட்டுக் கொடுத்து உட்கார்ந்துவிடுவார். நாலு மணி நேரம் கழித்து அவர்களே கையை நீட்டுவார்கள். நான் சொல்லப்போகும் ஆட்டத்துக்கு முன்னால், பதின்மூன்று வருடத்தில் இருநூற்றுப் பதினான்கு ஆட்டம். இருநூற்றுப் பதினான்கும் டிரா. பதிவேடு என்னிடம்தான் இருக்கிறது, வேண்டுமானால் வந்து பார்க்கலாம்.

அண்ணி ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸ். அவருக்கு வாரத்தில் ஞாயிறு ஒன்றுதான் விடுமுறை. மாதத்தில் இரண்டு ஞாயிறு எங்கள் ஹால் பிடுங்கிக்கொள்ளும். நான் ஒருநாள் அவர்கள் வீட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்தப் பேச்சு வந்தது.

"தம்பி, நீங்களே சொல்லுங்க" என்றார் அண்ணி. "காலையில எட்டு மணிக்குப் போற ஆளு சாயங்காலம் ஆறு மணிக்கு வர்றாரு. என்னாச்சுன்னா டிரா. அடுத்த தடவ என்னாச்சுன்னா அதுவும் டிரா. பதிமூணு வருஷமா ஒரு மனுஷன் எதுக்குப் போறாரு, எதுக்கு வர்றாரு?"

"அது அப்படித்தான் அண்ணி, இந்த ஆட்டத்துல" என்று நான் மழுப்பினேன்.

"நீங்க சும்மா இருங்க" என்று என் வாயை அடைத்துவிட்டு அவர் பக்கம் திரும்பினார். "ஏங்க, அடுத்து வர்ற போட்டியில ஒண்ணு, ஒரே ஒரு ஆட்டம் ஜெயிச்சுட்டு வாங்க. அப்புறம் ஆயுசுக்கும் நான் கேக்க மாட்டேன். இல்லன்னா பலகையப் பரண்ல போட்டுட்டு ஞாயித்துக்கிழமை என்கூட வீட்ல இருங்க."

அண்ணன் டீயைக் கீழே வைத்தார். "சரி" என்றார்.

மறுநாள் பட்டறைக்குப் போய், ஏன் அண்ணே சரி என்று சொன்னீர்கள் என்று சத்தம் போட்டேன். பள்ளத்துக்குள்ளிருந்து ஸ்பேனர் சத்தம் வந்தது. கூடவே குரலும் வந்தது. "அவ கேக்கறது நியாயந்தானே தம்பி. ஆனா ஒண்ணு, வாரம் பூரா இந்தக் குழியில கழுத்த மடக்கிட்டு நிக்கறேன். அங்க வந்தாத்தான் நிமிந்து உக்கார்றேன்." என் பதிவேட்டை நினைத்துக்கொண்டேன். இவர் ஜெயிப்பதாவது.

போட்டி மூன்று ஞாயிறு நடக்கும். காலையில் ஒரு சுற்று, மாலையில் ஒன்று, மொத்தம் ஆறு. முதல் ஐந்து சுற்று முடிந்தபோது அண்ணனுக்கு ஐந்து டிரா. ஒவ்வொன்றிலும் ஜெயிக்க முயன்றாரா என்றால், முயன்றார். பதினைந்தாவது நகர்வில் வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்தார். இருபதாவது நகர்வில் நெற்றி வேர்த்தது. இருபத்தைந்தாவதில் கை தானாக நீண்டது.

ஆறாவது சுற்றில் அவருக்கு எதிராளி அதே பல் டாக்டர். அந்தம்மா பாய்ந்து பாய்ந்து ஆடுவார். ஒரு காய் போனால் இரண்டு காயை எடுக்கலாம் என்கிற ரகம். நான் வெளியிட்ட பட்டியல்படி டாக்டருக்கு வெள்ளை, அண்ணனுக்குக் கறுப்பு. காலையில் நேர்மாறாக டாக்டர் கறுப்பிலும் அண்ணன் வெள்ளையிலும் வேறு ஆட்களோடு ஆடியிருந்தார்கள். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இதனால்தான் என் மானம் போனது.

அன்றைக்கு டாக்டருக்கு என்ன தோன்றியதோ, அண்ணனுக்குப் பிடித்த அந்த மந்திரிச் சிப்பாயையே முதலில் நகர்த்தினார். அண்ணன் முகம் மலர்ந்து அதையே திருப்பி ஆடினார். குதிரைக்குக் குதிரை, மந்திரிக்கு மந்திரி, கோட்டைக்குக் கோட்டை, யானை ஒரு கட்டம் ஒதுங்கினால் இங்கேயும் ஒரு கட்டம். நடுவில் இரண்டு சிப்பாய்ச் சண்டை வந்தது. அதையும் இரண்டு பக்கமும் கணக்காக வெட்டிக்கொண்டார்கள். பதின்மூன்று நகர்வு முடிந்தபோது பலகையின் குறுக்கே கோடு போட்டு மடித்தால் வெள்ளை கறுப்பின்மேல் அச்சாகப் படியும்.

எங்கள் சங்கத்தில் ஒரு வழக்கம். ஒரு பலகைக்கு ஒரே தாள்தான். கடிகாரத்துக்குப் பக்கத்தில் அட்டையில் செருகி வைத்திருப்போம். இடப் பத்தியில் வெள்ளை தன் நகர்வை எழுத வேண்டும், வலப் பத்தியில் கறுப்பு. அவரவர் ஆடியதும் அடுத்த காலிக் கட்டத்தில் அவரவரே எழுதிவிட்டுக் கடிகாரத்தைத் தட்டுவார்கள். ஆளுக்கொரு தாள் கொடுக்க வேண்டும் என்று பல வருடமாக என்னிடம் சொல்கிறார்கள். காகிதத்தை வீணாக்குவது எனக்குப் பிடிக்காது.

அண்ணன் பதின்மூன்றாவது நகர்வை ஆடி, எழுதி, கடிகாரத்தைத் தட்டிவிட்டு டீ எடுக்க எழுந்து போனார். டாக்டருடைய நேரம் ஓட ஆரம்பித்தது. அந்த நொடி பார்த்து அவருடைய ஃபோன் அதிர்ந்தது. நோயாளிகளுக்காக அவருக்கு மட்டும் ஃபோன் அனுமதி கொடுத்திருந்தேன், என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அவரும் எழுந்து வராந்தாவுக்கு ஓடினார்.

அண்ணன் டீயோடு திரும்பினார். போன வழியில் யாரோ தண்ணீரைக் கொட்டியிருந்ததால் மறுபக்கமாகச் சுற்றி வந்தார். காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அது டாக்டருடைய நாற்காலி. மற்ற யாராக இருந்தாலும் கண்டுபிடித்திருப்பார்கள். எதிரெதிரே ஒரே மாதிரி ஆடும்போது ஒருவருக்கு வலப்பக்கம் நிற்கும் ராஜா மற்றவருக்கு இடப்பக்கம் நிற்கும். நாற்காலி மாறினால் ராஜா பக்கம் மாறி நிற்பது கண்ணைக் குத்தும். இவருக்குத்தான் எந்தப் பக்கமும் குத்தாதே.

தன் பக்கத்துக் கடிகாரம் ஓடுவதைப் பார்த்தார். ஆக, டாக்டர் ஆடிவிட்டார் என்று முடிவு செய்தார். என்ன ஆடினார் என்று தேடினார். டாக்டர் ஒன்றும் ஆடவில்லை. இல்லாத நகர்வைக் காப்பியடிக்க வேண்டும் என்று இருபத்தைந்து நிமிடம், நான் கடிகாரம் பார்த்துச் சொல்கிறேன், இருபத்தைந்து நிமிடம் பலகையைக் குடைந்து குடைந்து பார்த்தார். டீ ஆறி ஏடு படிந்தது. ஐந்தாவது நிமிடத்திலேயே டாக்டர் வந்துவிட்டார். எதிரே அண்ணன் தலையில் கைவைத்து யோசிப்பதைப் பார்த்தார், காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். நான் அந்த மேஜையை இரண்டு முறை கடந்து போனேன். அண்ணன் வழக்கத்தைவிட ஆழமாக யோசிக்கிறாரே என்று சந்தோஷப்பட்டேன். இதற்குப் பெயர் நடுவர்.

கடைசியில் அண்ணன் ஒரு பெருமூச்சு விட்டார். பதின்மூன்று வருடத்தில் முதல் தடவையாக, யாரையும் பார்க்காமல், தானாக ஒரு காயை எடுத்து வைத்தார். நடுச் சிப்பாய், ஒரு கட்டம் முன்னால். அடுத்த காலிக் கட்டத்தில் எழுதினார். அது இடப் பத்தி என்பதைக் கவனிக்கவில்லை.

அதற்கப்புறம் நான் பார்த்த ஆளே வேறு. காப்பியடிக்க வழியில்லாமல் போனதும் அவர் குதிரையை நடுவில் கொண்டுவந்து நிறுத்தினார். யானையைத் திறந்த வரிசையில் தள்ளினார். டிரா கேட்கும் கை மேஜைக்கு அடியில் முட்டியைப் பிடித்துக்கொண்டே இருந்தது. டாக்டருக்கோ எதைச் செய்தாலும் ஒரு நகர்வு பின்தங்கியது. எப்போதும் தான்தான் பாய்கிறவர், ஏன் இன்று ஓடி ஓடித் தடுக்கிறோம் என்று புரியாமல் உதட்டைக் கடித்தார். முப்பத்தெட்டாவது நகர்வில் அண்ணன் ராணியை வைத்து, "செக்" என்றார்.

டாக்டர் சுற்றிலும் தேடிவிட்டுச் சிரித்தார். "மேட்டுங்க. போக எடமே இல்ல."

நான் தாளை எடுக்க ஓடினேன். பலகையைப் பார்த்தேன். வெள்ளை ஜெயித்திருக்கிறது. பட்டியலில் டாக்டர் வெள்ளை. எனக்கு நெஞ்சு விட்டுப்போயிற்று. இருந்தாலும் கடமை என்று டாக்டரிடம் கையை நீட்டி, "வாழ்த்துகள் டாக்டர்" என்றேன்.

"எதுக்கு? நான் தோத்துட்டேன்" என்றார்.

"வெள்ளைதானே ஜெயிச்சிருக்கு."

"ஆமா. நான் கறுப்பு."

"பட்டியல்ல நீங்க வெள்ளை."

டாக்டர் தன் முன்னால் இருந்த காய்களைப் பார்த்தார். அண்ணன் தன் முன்னால் இருந்ததைப் பார்த்தார். இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் தாளைப் பார்த்தேன். பதின்மூன்றாவது வரி வரைக்கும் இடப் பத்தியில் டாக்டர் கையெழுத்து, மருந்துக் கடைக்காரரைத் தவிர யாரும் படிக்க முடியாத கோழிக் கிறுக்கல். வலப் பத்தியில் அண்ணனுடைய உருண்டை உருண்டையான எழுத்து. பதினான்காவது வரியில் கிறுக்கல் வலப்பக்கம் போய்விட்டது, உருண்டை இடப்பக்கம் வந்துவிட்டது. முப்பத்தெட்டு வரைக்கும் அப்படியே.

"நிறமாவது தெரிய வேண்டாமா?" என்று கத்திவிட்டேன். ஹாலே திரும்பிப் பார்த்தது.

"காலையில வெள்ளை தம்பி, அதே நெனப்புல ஓடிருச்சு" என்றார் அண்ணன்.

"எனக்குக் காலையில கறுப்பு" என்றார் டாக்டர். "அதுவும் ஒருத்தர் கன்னம் வீங்கி ஃபோன்ல அழறாரு. அந்த யோசனையிலயே வந்து உக்காந்தேன்."

விதிப்புத்தகத்தை விரித்தேன். ஆட்டம் தொடங்கும்போதே நிறம் மாறியிருந்தால் என்ன செய்வது என்று இருக்கிறது. காய் தப்பாக அடுக்கியிருந்தால் இருக்கிறது. நடுவழியில் ஆள் மாறி உட்கார்ந்தால் என்ன செய்வது என்று ஒரு வரி இல்லை. இப்படி இரண்டு பேர் ஒரே மேஜையில் வந்து சேருவார்கள் என்று புத்தகம் எழுதினவர் கனவு கண்டாரா. எனக்கு மூத்த நடுவர் ஒருவருக்கு ஃபோன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். "நீ சாப்பிட்டியா?" என்றார். அப்புறம், "டிரா போட்டுக் கதைய முடி, எங்கிட்ட சொன்னதா யாருகிட்டயும் சொல்லாத" என்று வைத்துவிட்டார்.

அந்த நேரம் பார்த்து அண்ணி உள்ளே வந்தார். கடைசிச் சுற்று என்று தெரிந்து, ஸ்கூட்டரில் அவரை அழைத்துப் போக வந்திருந்தார்.

"என்னாச்சு?"

"ஜெயிச்சுட்டாருங்க" என்றார் டாக்டர்.

"தெரியல அண்ணி" என்றேன் நான்.

"கொஞ்சம் இரு" என்றார் அண்ணன்.

அண்ணி சுவரோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

டாக்டர் ஒற்றைக்காலில் நின்றார். "மேட் வாங்கினது நான். அந்தக் குதிரைகிட்ட அடி வாங்கினது நான். அவருக்கே பாயின்ட் போடுங்க, நான் எழுதிக்கூடத் தர்றேன்." எனக்கு உயிர் வந்தது. விதி இல்லாத இடத்தில் இரண்டு பேரும் ஒத்துக்கொண்டால் நடுவர் முடிவே முடிவு. பதினேழு வருடம் விதியைக் கட்டி அழுதவன் அன்றைக்கு ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. அவர் ஜெயிக்க வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. பேனாவைத் திறந்துவிட்டேன்.

"எழுதாதீங்க தம்பி" என்றார் அண்ணன்.

பலகையில் காய்களைப் பதின்மூன்றாவது நகர்வில் இருந்தபடி நிதானமாக அடுக்கினார். "இதப் பாருங்க. ரெண்டு பக்கமும் ஒண்ணேதான். ஒரே ஒரு வித்தியாசம், அடுத்து வெள்ளை ஆடணும். அந்த ஒரு நகர்வு முன்னால இருந்ததாலதான் நான் ஜெயிச்சேன். அது டாக்டரம்மாவோடது. அவங்க நாற்காலியில உக்காந்து நான் எடுத்துக்கிட்டேன்."

"அண்ணே, அதுக்கப்புறம் இருபத்தஞ்சு நகர்வு ஆடினது நீங்க."

"ஆடினேன்." குதிரையின் தலையை விரலால் தடவினார். "நல்லாருந்துச்சு தம்பி. இப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாது. ஆனா சக்கரம் ஒரு நூல் அளவு உள்ள பாத்தாலும் டயர் தேஞ்சு போயிரும். ஒரு நகர்வு என்ன சின்னதா?"

"அப்ப டிரா. அவரும் அதைத்தான் சொன்னார்" என்று ஃபோனைக் காட்டினேன்.

"ஒரு ராஜா செத்துக் கெடக்குது. அதுக்கு எப்படி அரைப் பாயின்ட் போடுவீங்க? பட்டியல்ல வெள்ளை யாரோ அவங்களுக்கு எழுதுங்க."

"இது எனக்கு எப்படிங்க செரிக்கும்?" என்றார் டாக்டர். அண்ணன் தாளை என் பக்கம் தள்ளினார்.

எழுதினேன். இருநூற்றுப் பதினான்கு டிரா, ஒரு தோல்வி. இவர் கழுத்தை நெரிக்கலாமா, காலில் விழலாமா என்று இருந்தது. அண்ணன் காய்களைத் துடைத்து, பெட்டியில் போட்டு, பலகையை மடித்துப் பையில் வைத்து, பையை அண்ணியிடம் கொடுத்தார். அவர் கேட்பதற்கு முன்னாலேயே, "தோத்துட்டேன்" என்றார்.

வாசலைப் பூட்ட நானும் அவர்கள் பின்னாலேயே இறங்கினேன். படியில் அண்ணி நின்றார்.

"அந்தம்மாதான் எழுதிக்கச் சொன்னாங்களே. எழுதிட்டு வந்திருந்தா எனக்கு என்ன தெரியப்போகுது? இதுல வெள்ளை என்ன, கறுப்பு என்ன, எனக்கு ஒண்ணும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே" என்றார் அண்ணன்.

அண்ணி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். நாலைந்து பேர் எங்களைத் தாண்டி இறங்கிப் போனார்கள். பிறகு பையை அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.

"பிடிங்க. நான் வண்டி ஓட்டணும்."

"வீட்டுக்குப் போனதும் நானே பரண்ல ஏத்திடறேன்."

"பரண்ல எடம் இல்ல" என்றார் அண்ணி, ஸ்கூட்டரைக் கிளப்பிக்கொண்டே. "போன வாரமே ஏறிப் பாத்துட்டேன்."

அண்ணன் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தார்.